திருவாதிரையை மங்கவைத்த மூலை

சென்ற பிப்ரவரியில் நான் பலமனேருக்குப் போனதற்குக் காரணம் வீம்பு. மூன்று வருடமாகத் திருவாதிரை நட்சத்திரத்தின் ஒளியைக் கேமராவில் அளந்து, எங்கள் வானியல் ஆர்வலர் குழுவின் பட்டியலில் ஏற்றிவந்தேன். மற்றவர்களுடையதைவிட என் அளவு எப்போதும் மங்கல். "இந்தத் தடவையும் ஒத்துவரலைன்னா உங்க அளவுகளை எடுத்துடுவோம். முதல்ல லென்ஸ் மேல வெள்ளைத் துணி போட்டு ஒரு படம் எடுத்து, வெளிச்சம் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி விழுதான்னு பாருங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். எனக்குச் சுருக்கென்றது. திருப்பதி விளக்கு வெளிச்சம்தான் காரணம், இருட்டில் அளந்து காட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிட்டேன்.

மதியம் இரண்டுக்குத் திருப்பதியில் வாடகைக் கார். போய்வர நாலாயிரத்து ஐநூறு. சித்தூர் எழுபது கிலோமீட்டர், அங்கிருந்து பலமனேர் நாற்பது சொச்சம். டிரைவர் முனிரத்தினம் நகரிக்காரர்; போனில் தெலுங்கு, என்னிடம் தமிழ். ஐந்தரைக்கு ஒரு தக்காளித் தோட்டத்தில் சொல்லிவிட்டு, ஓரமாக இடம் பிடித்தோம்.

பையைத் திறந்தால் வெள்ளைத் துணி இல்லை. வீட்டிலேயே விட்டிருக்கிறேன், மடையன்! முனிரத்தினம் மறுநாள் மலைக்குப் போக வைத்திருந்த புது வேட்டியைக் கேட்டேன்.

"இன்னா சார், நட்சத்திரம் புடிக்க வந்துட்டு என் வேட்டிய படம் புடிச்சிகினு கீறீங்க? அழுக்காக்கிடாதீங்க!"

அந்தி வானத்துக்கு நேரே, லென்ஸ் மேல் வேட்டியை இழுத்துப் பிடித்து எடுத்தேன். படத்தில் நடு வெளுப்பு, மூலைகள் மங்கல்.

"வேட்டியில் கறை போல" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "புதுசு சார் அது! திருப்பிப் போட்டுப் பாருங்க."

திருப்பினேன். மூலைகள் அப்படியே மங்கல். வேட்டியில் ஒன்றுமில்லை, என் லென்ஸ்தான் ஓரத்தில் ஒளியைக் குறைக்கிறது. ஒப்பிடுவதற்கான ரோகிணி நட்சத்திரத்தை நடுவிலும் திருவாதிரையை மூலையிலும் வைத்தே மூன்று வருடமும் எடுத்திருக்கிறேன். திருவாதிரை மங்கிவிட்டது என்று ஊரெல்லாம் வேறு சொல்லித் திரிந்தேன். வெட்கமாக இருந்தது.

ஏழே முக்காலுக்கு அளந்து, வேட்டிப் படத்தைக் கொண்டு திருத்தினேன். மற்றவர்கள் அளவோடு ஒத்துப்போனது.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், அங்கே குளிர் அதிகம். நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். வெள்ளைத் துணிப் படத்தை அந்தியிலேயே எடுத்துவிடுங்கள்.

பழைய படங்களை ஒவ்வொரு முறையும் வேறுவேறு லென்ஸ் அமைப்பில் எடுத்திருந்ததால் திருத்த வழியில்லை. திரும்பும்போது காரிலிருந்தே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன்: "என் மூன்று வருட அளவுகளையும் நீக்கிவிடுங்கள்."

பட்டியலில் இப்போது என் பெயருக்கு நேரே இருப்பது ஒரே ஓர் அளவு. அதை யார் வேண்டுமானாலும் நம்பலாம்.