கார் நிறுத்துமிடத்தில் கும்பகோணம்

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு மாடி வீட்டைப் புரமோட்டர் ஒருவர் இடித்து, அதே இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் எழுப்பினார். அதன் தரைத்தளம் முழுவதையும் தூண்களை மட்டும் நிறுத்தி, கார்களுக்கென்று ஒதுக்கினார். எண்பதுகளின் தொடக்கம் அது. கட்டடத்தில் ஒருவரிடமும் கார் கிடையாது.

பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு கூடம் இருந்தது. வீட்டுக்காரரின் மகள், பெங்காலிகள் பாரா என்று அழைக்கும் அந்தப் பேட்டை முழுவதற்கும் திதி, அதாவது அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். மாலைகளில் எங்கள் தமிழ் நாடகக் குழு ஒத்திகை நடத்தியது. வீடு போனபோது வீட்டுக்காரருக்கு இரண்டு ஃபிளாட்டுகள் கிடைத்தன. நெடுநாள் வாடகைக்கு இருந்த எங்களுக்குச் சலுகை விலையில் ஒன்று கிடைத்தது. கூடத்துக்கு ஈடாக மட்டும் எதுவும் வரவில்லை. எல்லாரும் பயன்படுத்திய ஓர் இடத்துக்காகப் பேரம் பேச யாருக்கும் உரிமை இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நான் சமூகவியலில் எம்.ஏ. முடித்திருந்தேன். எதைச் செய்தாலும் அதனால் யாருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்பது என் இயல்பு. "இவளுக்கு ஒரு தோசை வார்த்துப் போட்டாக்கூட, அதோட விளைவு என்னன்னு கேப்பா" என்பாள் அம்மா.

காலியாகக் கிடந்த தரைத்தளத்தில் முதலில் பாய் விரித்தவர் திதிதான். பழைய மாடிப்படிக்கு அடியில் இருந்த இஸ்திரிக்காரர் அடுத்து வந்து, ஒரு தூணோரம் தம் மேசையைப் போட்டுக்கொண்டார். பிறகு நாங்களும் இறங்கினோம். ஒருநாள் அந்தப் பக்கம் வந்த புரமோட்டர் திகைத்து நின்றார்.

"இங்கே என்ன நடக்கிறது?" என்று பெங்காலியில் கேட்டார்.

"உங்கள் கார்களுக்குக் காவல் இருக்கிறோம், தாதா" என்றார் திதி, அண்ணா என்று அழைக்கும் உரிமையோடு.

அவர் சிரித்துவிட்டு, எங்கள் தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் குழுவில் வில்லன்கள் நிலைப்பதில்லை. நடிகர்களில் பெரும்பாலோர் வங்கிக்காரர்கள். வசனம் மனப்பாடமாகும் வேளையில் மாற்றல் உத்தரவு வந்துவிடும். அதனால் வசனத்தை முழுதாக அறிந்திருந்தவள், திரைக்குப் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுக்கும் நான் மட்டுமே. இயக்குநர் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒரு மாமா. அந்த ஆண்டு நாடகத்துக்குக் கும்பகோணத்து வீடு ஒன்றைப் பின்திரையில் வரைந்து தரும்படி திதியைக் கேட்டிருந்தார். கும்பகோணத்தைப் பார்த்தே இராத திதி, பச்சை மரச்சட்டங்கள் சாய்வாக அடுக்கிய உயரமான ஜன்னல்களை வரைந்து வைத்தார்.

"ஏம்மா, கும்பகோணத்துல இந்த ஜன்னல் ஏது? கேட்டுச் சொல்லு" என்றார் மாமா என்னிடம்.

கேட்டேன். "அங்கே வெயில் அடிக்காதா?" என்றார் திதி.

"வெயிலா? கொளுத்தும்!"

"அப்படியானால் இருக்கட்டும்."

இருந்துவிட்டது. நாடகத்துக்குச் சில வாரங்களே இருந்தபோதுதான் அப்பா ஒரு செய்தி சொன்னார். அவர் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அதிகாரி.

"கார் வாங்கியாச்சு. செகண்ட் ஹேண்ட் அம்பாசிடர். ஞாயித்துக்கிழமை வரது."

"எங்க நிறுத்துவேள்?" என்றாள் அம்மா.

"எங்கயாவது! நமக்குன்னு கீழ எடம் இருக்கே. பத்திரத்துலயே போட்டிருக்கு."

"அப்பா, நம்ம எடம் நடுத்தூணுக்குப் பக்கத்துல. அங்கதான் மேடை" என்றேன்.

"அது மேடை இல்லடி. கார் ஷெட்."

அவர் சொன்னதில் தவறில்லை என்பதே என் சிக்கல். விலை கொடுத்த இடம்; பல ஆண்டு ஆசை. ஆனால் முதல் கார் உள்ளே வந்துவிட்டால் அடுத்து வாங்குகிறவரும் தம் தூணைக் கேட்பார். பிறகு பாய்க்கும் இடமிராது, இஸ்திரி மேசைக்கும் இடமிராது, எங்களுக்கும் இடமிராது. மாமா தூது வந்தார்.

"சார், சாயங்காலம் மட்டும் ரோட்ல நிறுத்தப்படாதா?"

"காக்கா எச்சம் போடும். பசங்க ஃபுட்பால் அடிப்பா. உங்க நாடகத்துக்காக என் வண்டி தெருவுல கெடக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை மாலையும் கழுத்துமாக வண்டி வந்தது. திதியின் மாணவர்கள் அன்று பூச்சாடியை விட்டுவிட்டு அதையே வரைந்தார்கள். அப்பா பூரித்துப்போனார், ஆனாலும் நடுத்தூணருகேதான் நிறுத்தினார். பின்திரை ஓரச்சுவருக்குப் போயிற்று. கதாநாயகி பானெட்டுக்கும் தூணுக்கும் இடையில் அழ வேண்டியிருந்தது.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவர் காலையிலும் மாலையிலும் வந்து போவார். அலுவலகத்திலிருந்து திரும்பிய பிறகு, அப்பா தாமே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். அப்படி அவர் உட்கார்ந்திருந்த ஒரு மாலை, ஒத்திகை நடுவே லோடு ஷெட்டிங். எங்கும் இருட்டு. "போச்சு, இன்னிக்கு அவ்வளவுதான்" என்றார் மாமா.

திடீரென்று காரின் இரண்டு விளக்குகளும் எரிந்தன. வில்லனின் நிழல் கூரைவரை எழுந்தது. அவருக்குப் பின்னால் பச்சை ஜன்னல்கள் பளிச்சென்று தெரிந்தன.

"இது நம்ம பழைய வீட்டு ஜன்னலாச்சே!" என்றார் அப்பா காருக்குள்ளிருந்து.

அதற்குமேல் அவர் விளக்கை அணைக்கவே இல்லை. இரண்டு காட்சிகள் முடிந்தன. "சத்தமாப் பேசுங்கோ! இங்கயே கேக்கலை, கடைசி வரிசைக்கு எப்படிக் கேக்கும்?" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினார்.

மறுநாள் காலை பேட்டரி உயிரற்றுக் கிடந்தது. மாமா, வில்லன், இஸ்திரிக்காரர், திதி, நான் என்று எல்லாரும் தள்ளினோம். அப்பா பின்சீட்டில் கோப்புப் பையோடு அமர்ந்திருந்தார்.

"சார், நீங்களும் எறங்கினா கொஞ்சம் லேசாகும்" என்றார் மாமா மூச்சிரைக்க.

"நான் எறங்கிட்டா வண்டி யாருதுன்னு எப்படித் தெரியும்?"

சந்து முனையில் வண்டி உறுமிக் கிளம்பியது. அவர் கையசைத்துவிட்டுப் போனார். இனி ஒத்திகை என்ற பேச்சே இராது என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை கார் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, முகப்பு எங்களைப் பார்க்கும்படி நின்றது.

"உள்ள நிறுத்தினா வெளிச்சம் சரியா விழலை" என்றார் அப்பா. "தள்ளி நின்னு அடிச்சாத்தான் மூஞ்சி தெரியறது. இனிமே எஞ்சின் ஓடிண்டே இருக்கட்டும்னு டிரைவர் சொல்றான். நீங்க ஆரம்பிங்கோ."

காக்கையைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பின்திரை நடுத்தூணுக்குத் திரும்பியது. நாடக நோட்டீசில் ‘ஒளி அமைப்பு’ என்று அவர் பெயரை அச்சிட்டார் மாமா. பெட்ரோல் செலவையும் தெருவை நிறைத்த புகையையும் எண்ணி எனக்கு மட்டும் சிறிது உறுத்தல் இருந்தது.

அடுத்த ஆண்டு மூன்றாம் மாடி பெங்காலிக்காரர் கார் வாங்கினார். முதல் கார்க்காரர் என்ற மரியாதையில் அப்பாவிடம் யோசனை கேட்க வந்தார். தம் வண்டியைத் தம் தூணருகே நிறுத்திக்கொள்ளலாம் அல்லவா?

தரைத்தளத்தில் அப்போது புதிய வில்லன் வசனம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா அவரைக் காட்டி, தமக்குத் தெரிந்த பெங்காலியில் தீர்ப்புச் சொன்னார்.

"ஆகே நாடோக், தாதா. போரே காடி."

முதலில் நாடகம், வண்டியெல்லாம் பிறகுதான்.