இரக்கமுள்ள டயர் திருடன்

ஒரு லாரியின் ஆறு டயர்களையும் பட்டப்பகலில் திருடுகிற திருடன், பாவம், வண்டி தரையில் உட்கார்ந்துவிடுமே என்று இரக்கப்பட்டு, வேறு ஆறு பழைய டயர்களை மாட்டி, நட்டுகளையும் முடுக்கிவிட்டுப் போவான் என்று நான் நம்பினேன். கைக்குழந்தையாக இருந்தபோது அல்ல. ஏழாம் வகுப்பில், கணக்கில் எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கிய பிறகு.

எங்களுக்கு ஒரு லாரி இருந்தது. எனக்கு முன்னால் பிறந்தது. வீட்டில் மரியாதையும் அதற்குத்தான் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏற்றி அப்பாவே ஓட்டுவார். வருடத்துக்கு ஒருமுறை அதற்கு எஃப்சி வரும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதுதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழாவிட்டால் லாரி நகரக் கூடாது. லாரி நகராவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பும் எரியாது. அதனால் எஃப்சி வாரத்தில் அப்பா சரியாகச் சாப்பிட மாட்டார், அம்மா சத்தமாகப் பேச மாட்டாள், நான் இரண்டு பேர் கண்ணிலும் பட மாட்டேன்.

லாரிக்கு மட்டும் அந்த வாரம் தீபாவளி. வேங்கிக்கால் போகிற வழியில் பாயின் ஷெட் இருந்தது. மெக்கானிக் பாய் எங்கள் இன்ஜினின் இருமலைக் கேட்டே வியாதியைச் சொல்வார். பிரேக் லைனிங் மாற்றுவார், உடைந்த ஸ்பிரிங் பட்டையை எடுத்து வேறு போடுவார், கறுப்பாகப் புகை கக்காதபடி டீசல் பம்பைத் திருகிப் பார்ப்பார். துரு பிடித்த இடமெல்லாம் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பார்கள். முதலுதவிப் பெட்டி ஒன்று கேபினுக்குள் வந்து தொங்கும். அது எங்களுடையது அல்ல. எனக்குத் தெரிந்து திருவண்ணாமலையில் ஏழெட்டு லாரிகளுக்கு அந்த ஒரு பெட்டிதான். எஃப்சி முடிந்ததும் அடுத்த லாரிக்குப் போய்விடும். அதற்குள்ளிருந்த பஞ்சு எத்தனை தடவை தகுதி பெற்றது என்பதற்குக் கணக்கே இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த இடத்திலேயே மூளை நின்றுவிட்டது. அதைத் தாண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

அந்த வருடம் காலாண்டு விடுமுறையில் எஃப்சி வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனால் எங்கள் லாரியின் காலில் ஆறு புது டயர்கள். பள்ளம் பள்ளமாக வரி வெட்டியவை. விரலை விட்டால் பாதி விரல் உள்ளே போனது. அப்பா நமக்குச் சொல்லாமலே வாங்கியிருக்கிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. சோதனை மைதானத்தில் இன்ஸ்பெக்டரும் பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்து, “டயரெல்லாம் ஜோரா இருக்கே” என்றார். அப்பா ஏனோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து கடைசியில், பின்பக்கச் சிவப்பு லைட்டின் கண்ணாடி உடைந்திருந்தது கண்ணில் பட்டுவிட்டது.

“இத மட்டும் மாத்தி மூணு மணிக்கு எட்துனு வாங்க. கையெழுத்து போட்டுட்றேன்.”

லாரியைத் திரும்ப ஷெட்டில் நிறுத்திவிட்டு, கண்ணாடி வாங்க அப்பா டவுனுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது என்னைக் காவல் வைத்தார்.

“டேய், வண்டிய உட்டு எங்கியும் நகரக் கூடாது. பேட்டரி கழட்ற கும்பல் ஒண்ணு சுத்துதாம்.”

நான் நகரவில்லை. பத்து நிமிடம். பிறகு இந்தியா முதலில் பேட்டிங் என்று யாரோ சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனார்கள். டிவி விற்கிற கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒரு ஓவர் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். நாற்பது ஓவர் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது ஷெட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். லாரி நின்றது. பேட்டரி இருந்தது. ஸ்டெப்னி இருந்தது. அப்பாடா என்று முன்சக்கரத்தில் சாய்ந்தேன். முதுகுக்கு வழவழவென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். வரியைக் காணோம். பூசணிக்காய் மாதிரி ஒரு மொட்டை டயர். பின்னால் ஓடினேன். அங்கே நாலும் மொட்டை. ஒன்றில் உள்ளே இருக்கிற நூல்கூட எட்டிப் பார்த்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், லாரியை மூன்று சுற்றுச் சுற்றினேன். எத்தனை சுற்றினாலும் அதே டயர்கள்தான்.

அண்ணாமலையாரிடம் பேரம் ஆரம்பித்தேன். அப்பா கண்ணில் படாமல் இருந்தால் கிரிவலம் முழுதும் வெறுங்காலோடு நடக்கிறேன் என்றேன். பதினான்கு கிலோமீட்டர் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அடி அண்ணாமலை வரைக்கும் நடந்து அங்கிருந்து பஸ்ஸில் வந்தால் ஆகுமா என்று இறங்கி வந்தேன். சாமி பதில் சொல்வதாக இல்லை. பாயின் கறுப்பு கிரீஸ் டப்பா கண்ணில் பட்டது. பிரஷ்ஷை எடுத்து ஆறு டயர்களுக்கும் பூசினேன். வரி வரவில்லை, பளபளப்பு வந்தது. மொட்டைத் தலைக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி, மொட்டை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

முதலில் பாய் வந்தார். டயரைப் பார்த்து நின்றார்.

“யார்றா இது, டயருக்கு மை வெச்சு உட்டது?”

“தெரியாது பாய்.”

“உன் கையி?”

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பாய் சிரித்தார். டயர் புதுசா, மொட்டையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை! அப்பா கண்ணாடியோடு வந்தார். அவரும் பார்த்தார். “பூசிட்டான்ல, உடுங்க பாய், பளபளன்னுதான் இருக்கு” என்றார். அண்ணாமலையார் இரண்டு பேர் கண்ணையும் கட்டிவிட்டார் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. முழுக் கிரிவலத்தையும் மறுபடி ஒப்புக்கொண்டேன். ஆனாலும் முன்சக்கரத்தை மறைத்துக் காலை அகட்டி நின்றேன்.

“ஏறுடா, அங்க இன்னா காவல் தெய்வமாட்டம் நிக்கிற?”

மைதானம் போகிற வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் உயிர் ஒரு தடவை மேலே போய் வந்தது. அங்கே இன்ஸ்பெக்டர் அட்டையும் பேனாவுமாக வந்தார். பாய் அவரை நேராகப் பின்பக்கச் சிவப்பு லைட்டுக்கு அழைத்துப் போய், அதன் அருமை பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அப்பா பின்சக்கரத்தை மறைத்துக்கொண்டு காலை அகட்டி நின்றார். நான் நின்ற அதே மாதிரி. அப்பன் மாதிரியே பிள்ளை என்று அப்போதும் பெருமைதான் பட்டேன்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, இடுப்பில் பெல்ட். காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இப்போதுதான் உறைத்தது. இவர் போலீஸ். இந்த நிமிடம் சொன்னால் திருடன் போளூர் தாண்டுவதற்குள் பிடித்துவிடலாம். சொல்லாவிட்டால் அப்பா உழைத்து வாங்கிய டயர்கள் போனது போனதுதான். அடி விழும். விழட்டும்.

“சார்! காலையில நீங்க பாத்த புது டயரு ஆறையும் எவனோ திருடினு போய்ட்டான் சார்! நாந்தான் சார் காவலு. மேட்ச் பாக்கப் பூட்டேன். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது சார்!”

பாய் மெல்ல, “யா அல்லா” என்றார்.

இன்ஸ்பெக்டர் அப்பாவை நகரச் சொல்லவில்லை. அப்பாவே நகர்ந்தார். இன்ஸ்பெக்டர் குனிந்து டயரை ஒரு விரலால் தடவினார். விரல் கறுப்பாக வந்தது. அதை என் சட்டையில் துடைக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. தன் கைக்குட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

“பையன் நல்ல பையன்ங்க” என்றார் அப்பாவிடம். “திருடன் கெடச்சதும் டயரோட வாங்க.” பேனா மூடியை மாட்டினார்.

திரும்பும்போது, எப்போது அடி விழும் என்று கதவோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். டீக்கடையில் நிறுத்தி எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி தின்ற பிறகு கேட்டார்.

“மேட்சு யாரு ஜெயிச்சா?”

“தெரிலப்பா.”

“அதையாவது முழுசா பாத்துட்டு வந்திருக்கலாம்ல?”

திருட்டுக் கொடுத்துவிட்டு இப்படிப் பேசுகிறாரே, அதிர்ச்சியில் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, மீதிப் பன்னை அவரிடமே கொடுத்தேன். அவர் வாங்கித் தின்றார்.

லாரி மூன்று வாரம் ஷெட்டிலேயே நின்றது. ஆறுக்கும் பாய் எங்கெங்கோ அலைந்து, மேல்ரப்பர் ஒட்டிய டயர்களைத் தேடிப் பிடித்து மாட்டினார். அதுவரை அப்பா யாருடைய வண்டிக்கோ ஆக்டிங் டிரைவராகப் போய் வந்தார். நான் கிரிவலம் போகவில்லை. டயர் கிடைக்கவில்லையே, சாமிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். டயர்கள் திருட்டுப் போகவே இல்லை. என் மாமா ஒருவருக்கும் லாரி இருந்தது; அந்தப் புது டயர்கள் அதனுடையவை. எஃப்சிக்காக முந்தின நாள் மாலை இரவல் வந்தன. காலையில் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார், இனி லைட்டை மட்டும்தான் பார்ப்பார் என்று நம்பி, நெல் லோடு காத்திருந்த மாமா, நான் மேட்ச் பார்த்த நேரத்தில் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார். நூல் தெரிந்த அந்த மொட்டை டயர்கள்தான் எங்களுடையவை. முந்தின மழைக்காலம் முழுக்க அப்பா அவற்றின் மேல்தான் லோடு ஏற்றி ஓட்டினார். பாதி நாள் நானும் பக்கத்துச் சீட்டில் தூங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.