கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பெயர்

ஆவடி சேக்காட்டில் எங்கள் சின்ன மாதா கோயிலில், பால் செம்பும் கைக்குழந்தையுமாக ஒரு மாதா படம் உண்டு. நாற்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தவள் நான்தான்.

வெள்ளைக்காரர் காலத்தில் லண்டன் மியூசியம் ஒன்று இங்கே இரவலாக அனுப்பிய, திரும்பிப் போகாத படங்களைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கைகளில் வெள்ளைக் கையுறை. எந்தப் படத்தையும் முதலில் திருப்பி முதுகைத்தான் பார்ப்பாராம். எங்கள் படத்தின் முதுகிலும் அவர் தேடிய நம்பர் இருந்தது.

நான் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். “தூக்கினு பூடுவியா நைனா?”

“இல்லம்மா. எங்க இருக்குன்னு எழுதிக்கத்தான் வந்தேன். எண்ணெய் மட்டும் வேணாம், காஞ்ச துணி போதும்.”

“மாதாதானே இது? உன் காயிதத்துல இன்னா போட்டு கீது?”

அவர் கையிலிருந்த தாளில் இதே படமும், அடியில் இங்கிலீஷில் ஒரு பெயரும் இருந்தன. அந்தப் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, “நீங்க என்னன்னு கூப்பிடுறீங்க?” என்றார்.

“பால் மாதா.”

அதையே பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

படித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் போனவர் அவர் ஒருவர்தான். இப்போது காய்ந்த துணியால்தான் துடைக்கிறேன். அந்த விரலுக்கு அடியில் என்ன பெயர் இருந்தது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.