சவரியப்பன் காய்ச்சிய பசை

சுவரை முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார் சவரியப்பன். பிறகு உள்ளங்கையால் ஒரு தடவல். கையில் சுண்ணாம்புப் பொடி ஒட்டிவிட்டால் முகம் சுளிக்கும். "இது மாமியா செவுரு. எதையும் தங்க விடாது" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். உப்புப் பூத்த சுவருக்குக் கடன்காரன் என்று பெயர். எவ்வளவு பசை வைத்தாலும் உறிஞ்சிக்கொண்டு, வாங்கவே இல்லை என்று சாதிக்குமாம். ராஜ வீதிகளில் சமஸ்தானத்து நாளில் அரைத்த சுண்ணாம்பு பூசிய சுவர்கள் இருக்கின்றனவே, அவைதான் அவருக்குப் பிடித்தவை. சமஸ்தானம் போய்விட்டது, சுவர் இன்னும் வழுவழுவென்று நிற்கிறது. அங்கேதான் 'விளம்பரம் ஒட்டாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். சவரியப்பன் அதற்கு நேர் கீழே ஒட்டுவார். கேட்டால், "அத எழுதினவங்களும் செவுத்துலதானேங்க எழுதியிருக்காங்க" என்பார்.

ஒரு கையில் வாளி, தோளில் ஏணி, கக்கத்தில் சுருட்டிய காகிதக் கட்டு. தேங்காய் மட்டையைத் தட்டி அவரே செய்துகொண்ட பிரஷ் வாளிக்குள் கிடக்கும். முழங்கை வரைக்கும் பசை காய்ந்து, தோல் வெடித்துப் போயிருக்கும். தெருநாய்கள் அவரைக் கண்டு குரைப்பதில்லை. பின்னாலேயே வந்து காலை நக்கும். புதுக்கோட்டையில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. 'ஏ பசை' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பசையுள்ள ஆள் என்றால் ஊரில் பணக்காரன் என்று பொருள். இவருக்குக் கையெல்லாம் பசை. மடியில்தான் ஒன்றும் ஒட்டவில்லை.

மூக்குப்பொடி, பல்பொடி, ஏலம், பொதுக்கூட்டம், எதைக் கொடுத்தாலும் ஒட்டுவார். அவருக்கென்று ஒரு கிறுக்கும் உண்டு. கரிக்கட்டையால் சுவரில் எழுதும் சூரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம் ஊரில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு எழாதவன் சுவரில் எழுதிவிட்டுப் போவான். எந்த வீட்டுப் பெண் எவனைப் பார்த்தாள் என்பதெல்லாம் நம் தெருச் சுவர்களில் கிடைக்கும். சவரியப்பனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஒரு பெண்பிள்ளையின் பெயர் கண்ணில் பட்டுவிட்டால், அது சந்தானாலும் சாக்கடை ஓரமானாலும் ஒரு தாளை உருவி அதன் மேல் ஒட்டிவிட்டுத்தான் நகர்வார். பல்பொடிக் கம்பெனி ஆள் ஒருமுறை பிடித்துக்கொண்டார். "ஏன்யா, இந்த முடுக்குல ஒட்டுனா எவன்யா பாப்பான்?"

"பாக்கக் கூடாதுன்னுதாங்க ஒட்டுனேன்" என்றார் சவரியப்பன். "பொம்பளப்புள்ள பேரு தெருவுல கெடக்கக் கூடாதுங்க." அந்தத் தாளுக்குக் கூலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் அவர் "ஆமாங்க" என்றார்.

'ஆமாங்க'தான் அவர் வாயில் அதிகம் புழங்கும் சொல். முதல் தேர்தல் வந்தபோது ஊரில் ஒரு முழம் சுவர் சும்மா கிடைக்கவில்லை. எங்கே பார்த்தாலும் சின்னம். சவரியப்பன் அப்போது ஒரு சினிமாக் கொட்டகைக்கு ஒட்டிக்கொண்டிருந்தார். படம் மாறிய அவசரத்தில் ஒரு வேட்பாளரின் சின்னத்துக்கு மேலேயே போஸ்டரை ஒட்டிவிட்டார். அந்தக் கட்சிக்காரர் வந்து கன்னத்தில் அறைந்தார். எதிர்க்கட்சிக்காரர் வந்து, "நம்ம ஆளுய்யா நீ" என்று முதுகில் ஓங்கித் தட்டினார். இரண்டும் ஒரே மாதிரிதான் வலித்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

அந்தத் தேர்தலைவிட அதையொட்டி வந்த பஞ்சம்தான் பெரிது. மழை தொடர்ந்து பொய்த்துப் போய், குளங்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. ஆலங்குடிப் பக்கமிருந்து வேர்க்கடலை வரவில்லை. ரேஷன் கடையில் வந்த அரிசியைக் கோழியும் யோசித்துத்தான் கொத்தும். ஆனால் கொட்டகை மட்டும் நிறைந்து வழிந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் படத்துக்கு எப்படி வருகிறான் என்று கேட்பவர்கள் பசித்து உட்கார்ந்தவர்கள் அல்ல. கூட்டம் வர வர, போஸ்டரும் அதிகமாயிற்று. போஸ்டருக்குப் பசை வேண்டும் என்று பர்மிட் வாங்கி, மைதா மூட்டை மூட்டையாகக் கொட்டகைக்கு வந்தது. மனிதன் தின்னக் கிடைக்காத மாவு சுவர் தின்னக் கிடைத்தது. நான் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

பசை காய்ச்சுவது சவரியப்பனின் வீட்டில். மச்சுவாடிப் பக்கம் ஒரு குடிசை. மனைவி இன்னாசியம்மாள்தான் அடுப்பு மூட்டுவாள். வீட்டில் மூன்று பிள்ளைகள், பானையில் ஒன்றுமில்லை, மடியில் ஒரு படி மைதா. என்ன நடக்கும்? பாதி மாவை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். பசைக்குக் குறைந்ததற்குப் புளியங்கொட்டையை வறுத்து இடித்துச் சேர்த்தாள். அது மைதாவைவிட நன்றாகவே பிடித்தது. ஒரு போஸ்டர்கூட உரியவில்லை. எடுத்து வைத்த மாவில் உப்புப் போட்டுக் களி கிண்டினாள். திருட்டுதான். அதை அவளும் மறுக்கவில்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடுவாள்; அடுத்த முறை மாவு வந்ததும் மறுபடி எடுப்பாள்.

கொட்டகை மானேஜர் ஆவுடையப்பன் யாரையும் அதட்டிப் பேச மாட்டார். நெற்றியில் பட்டையாக விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி, எப்போதும் இளஞ்சிரிப்பு. வரவேண்டிய படப்பெட்டி ஒரு நாள் வரவில்லை. வேறு படம் போடுவதாக முடிவாகி, உடனே போஸ்டரை மாற்றச் சொல்ல அவரே சைக்கிளில் மச்சுவாடிக்கு வந்துவிட்டார். குனிந்து குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. இன்னாசியம்மாள் சட்டியை முந்தானையால் மூடுவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"என்ன பாப்பா, என்ன சாப்புடுறே?"

"பசை" என்றது கடைக்குட்டி. "உப்புப் போட்டா நல்லாருக்கும்."

சவரியப்பன் சட்டென்று எழுந்து நின்றார். மானேஜர் சிரித்தார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "நல்லாச் சாப்புடு தாயி" என்றார். மாற்ற வேண்டிய படத்தின் பெயரைச் சொன்னார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மனுசன்னா அவருதாங்க" என்று இன்னாசியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த படத்துக்கு மாவு வாங்கப் போனார் சவரியப்பன். இந்த முறை மாவு முன்கூட்டியே பைக்குள் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தார். சலவைக்காரர் நீலம் போட்ட வேட்டி மாதிரி லேசாக ஒரு நீலம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். காசைச் சப்பியது போலக் கசந்தது.

"மயில்துத்தம் கலந்திருக்கு" என்றார் மானேஜர், கணக்கு எழுதிக்கொண்டே. "ஒட்டுற போஸ்டரையெல்லாம் ஆடு திங்குதில்ல சவரியப்பா? இனிமே வாய் வைக்காது பாரு."

"ஆமாங்க. ஆடுதாங்க திங்குது" என்றார் சவரியப்பன்.

ஒரு குழந்தையின் தட்டை இவ்வளவு மரியாதையாகக்கூடப் பிடுங்க முடியும். கெட்ட வார்த்தை சொல்லி, வேலையை விட்டுத் துரத்தியிருந்தால் ஊரில் நாலு பேர் பாவம் என்றிருப்பார்கள். இதில் குற்றம் சொல்ல யாருக்கும் இடமில்லை. ஆடு போஸ்டரைத் தின்பது உண்மை. அதற்குத் துத்தம் கலப்பதும் எங்கும் உள்ள வழக்கம்தான்.

இன்னாசியம்மாள் லேசில் விடவில்லை. மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, மேலே நின்ற நீலத்தண்ணீரை வடித்தாள். மறுபடி கரைத்தாள், மறுபடி வடித்தாள். குடிக்கவே நீர் இல்லாத ஊரில் குடம் குடமாகக் கொட்டிக் கழுவினாள். கடைசியில் மாவு வெள்ளையாகத்தான் தெரிந்தது. களி கிண்டி இறக்கியதும், பிள்ளைகள் கை நீட்டுமுன் சவரியப்பன் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பொழுது சாயும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. இன்னாசியம்மாள் களியைக் குழி தோண்டிப் புதைத்தாள்.

"இந்த வேலைய விட்டுடுங்க" என்றாள்.

"விட்டுட்டு? வாளிய வாங்கிக்க ஊர்ல எத்தன பேரு நிக்கிறான் தெரியுமா?"

மாவு போனாலும் கூலி இருந்தது. அந்தக் கூலியில் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்குக் கேழ்வரகுக் கூழ் கிடைத்தது. அதை விட மனம் வரவில்லை. மனசாட்சியும் சும்மா இருக்கவில்லை. பஞ்சத்தில் ஆடும் மாடும் புல்லைக் கண்டு எத்தனை நாளாயிற்று? காகிதத்தைக் கண்டால் பாய்ந்தன. ஆகவே சவரியப்பன் ஏணியில் ஏறி, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் ஒட்ட ஆரம்பித்தார். "அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குதுய்யா, கீழ ஒட்டு" என்று மானேஜர் சொல்லியனுப்பினார். "ஆமாங்க" என்று சொல்லியனுப்பிவிட்டு, மறுநாளும் உயரத்திலேயே ஒட்டினார்.

ஆனால் காற்று யார் பேச்சையும் கேட்பதில்லை; உயரத்தில் ஒட்டியதையும் பிய்த்துக் கீழே போட்டுவிடும். ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை கூடும் நாள். சந்தைக்குப் போகிற வழியில் ஏணி மேல் நின்று ஒட்டிக்கொண்டிருந்தார் சவரியப்பன். கீரை விற்கிற மருதாயி செத்த வெள்ளாடு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து, ஏணிக்கடியில் தொப்பென்று போட்டாள். ஆட்டின் கடைவாயில் கிழிந்த போஸ்டர்த் துண்டு ஒன்று தொங்கியது. அதில் கதாநாயகியின் மை தீட்டிய ஒரு கண்.

"எறங்குடா கீழ! எம் பாலாட்டக் கொன்னுட்டியேடா பாவி! காயிதத்துல என்னத்தடா தடவுன? எம் மகளுக்குப் பால் வத்திப்போயி, அவ புள்ளைக்கு இந்தப் பாலத்தாண்டா ஊத்திக்கிட்டிருந்தேன்!"

சவரியப்பன் இறங்கினார். துத்தம் கலந்தது தெரியும். தெரிந்தே ஒட்டியவர் அவர்தான். சந்தைக்கு வந்த கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. பசையில் விஷம் இருக்கிறது, போலீசுக்குப் போவோம் என்று யாரோ சொன்னார்கள். யாரோ ஓடிப் போய்ச் சொல்லி, மானேஜரும் வந்து சேர்ந்தார். அவர் செத்த ஆட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"வெசமா? யாரும்மா அப்படிச் சொன்னது?" என்றார் அதே இளஞ்சிரிப்போடு. "இது வெறும் மைதா. கவருமெண்டு பர்மிட் மைதா. இவங்க வீட்டுலயே நித்தம் இதத்தான் களி கிண்டித் திங்கிறாங்க. நானே போயி என் கண்ணால பாத்தேன். புள்ளைக எல்லாம் நல்லாத்தானே இருக்குது. என்ன சவரியப்பா?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "பசையத் திங்கிறாங்களாம்டோய்!" என்றான் இன்னொருவன். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று. இத்தனை நாள் முந்தானைக்குள் மூடி வைத்திருந்த பசி, நடுத்தெருவில் திறந்து கிடந்தது. மானேஜர் சவரியப்பனைப் பார்த்தபடி நின்றார். 'ஆமாங்க' வர வேண்டிய இடம் அது. அந்த ஒரு சொல்லை உதிர்த்துவிட்டால் வேலை தங்கும், கூழ் தங்கும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பசை காய்ச்சியவன் அவன்தானே என்பார்கள்.

"அப்பத் தின்னு காட்டச் சொல்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

"அதுக்கென்ன? காட்டுப்பா" என்றார் மானேஜர்.

சவரியப்பன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வாளிக்குள் விட்டு ஒரு கை அள்ளி வாயில் போட்டு விழுங்கினார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கிற்று. கண்ணில் நீர் கட்டியது. உதட்டோரம் நீலமாக ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"பாத்துக்கிட்டீங்களா? அவ்வளவுதான், எல்லாரும் போங்க" என்று மானேஜர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கிளம்பத் திரும்பினார்.

சவரியப்பன் மறுபடியும் வாளிக்குள் கையை விட்டார். இந்தத் தடவை கை நிறைய அள்ளினார். இரண்டே எட்டில் மானேஜரின் வழியை மறித்து, விரலிடுக்கில் பசை வழிய வழிய, அந்தக் கையை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.