வித்தியாசம் இல்லை

எண்பதுகளில் சேலத்தில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் புள்ளிவிவரம் சேகரிக்கும் வேலையில் இருந்தேன். ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் ஒன்றில் ஆண், பெண் கூலியை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே செடி நட ஆணும் பெண்ணும் சேர்ந்தேதான் குழி வெட்டினார்கள். ஆனால் பெண்ணுக்குக் கூலி குறைவு. "சொல்லப் பயமா இருக்குதுங்க அம்மிணி" என்றபடியே முதலில் வாய் திறந்தவர் ராஜம்மா. பிறகுதான் மற்ற பெண்களும் சொன்னார்கள். என் கணக்கைப் பார்த்த தொழிலாளர் துறை அதிகாரிகள், இருவருக்கும் ஒரே கூலி தரும்படி எஸ்டேட்டுக்கு உத்தரவு போட்டார்கள். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மறுஆய்வுக்குப் போனேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தலையில் விறகுக்கட்டோடு ராஜம்மா எதிரே வந்தார்.

"கூலி ஏறிடுச்சாக்கா?" என்றேன் ஆசையாக.

"ஆம்பள கூலியே தரணும்னா ஆம்பளைகளே போதும்னு கூலிக்கணக்கு எழுதுற ரைட்டர் எங்கள நிறுத்திப்போட்டாருங்க. இப்ப வெறகு வித்துத்தான் அடுப்பெரியுது."

அவர் என்னைத் திட்டவில்லை. "மழை வருது, ஓரமா நில்லுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எஸ்டேட்டில் குழி வெட்ட ஒரு பெண்கூட மிச்சமில்லை. அதனால் கூலியில் வித்தியாசமும் இல்லை. அலுவலகத்தில் அதை முன்னேற்றம் என்றார்கள். நான் வாதாடியது எடுபடவில்லை.

இன்றும் 'வித்தியாசம் இல்லை' என்று எங்கே படித்தாலும், கணக்கிலிருந்து யாரை வெளியே தள்ளினார்களோ என்றுதான் மனம் பதறுகிறது.