எதுக்கும் இன்னொரு தடவை

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாலு படி இறங்கியவர், மறுபடி ஏறுகிறார். கீழே நிற்கும் கணவர் வானத்தைப் பார்க்கிறார். "இன்னும் ரெண்டு இழு இழுத்தேன்னா பூட்டு கையோட வந்துரும். அப்புறம் கவலையே இல்ல, தாயே."

வயலின் பழுதுபார்ப்பவரான அவருக்குத் தெருவில் 'பூட்டக்கா' என்றே பெயர். கடை என்பது ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு கொத்து அரங்கள். பிறர் கண்ணில் படாத விரிசல் அவர் கண்ணில் படும். சந்தேகம்தான் அவர் மூலதனம்.

ஒரே ஒரு வேலையில் மட்டும் அது கவிழ்த்துவிடுகிறது. வயலின் கழுத்தின் உச்சியில் தந்திகள் ஏறி உட்காரும் எலும்புக் கட்டை தேய்ந்துபோனால், புதிதாக ஒன்று செய்து, தந்தி பதியும் பள்ளமாக, தந்திக்கு ஒன்று வீதம் நாலு காடி அராவ வேண்டும். காடி ஆழம் குறைந்தால் விரல் வலிக்கும். மயிரிழை கூடினால் தந்தி பலகையில் உரசிக் கரகரக்கும். கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சரியாக வந்த பிறகும், "எதுக்கும் இன்னொரு தடவை" என்று அரத்தை ஓட்டுவது பூட்டக்காவின் வியாதி. நேற்று ஒரு கட்டை அப்படித்தான் போயிற்று.

அந்த வயலினுக்குச் சொந்தக்காரப் பெண் இன்று எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மணிக்கு இசைக்குழுத் தேர்வு. இதை விட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். எலும்பும் இந்த ஒன்றுதான் மிச்சம்.

"ஆயிருச்சாக்கா?"

"பேசாத கண்ணு. பேசினா கை நடுங்குது."

"பேசாம இருந்தா எனக்குல்ல நடுங்குது!"

கடைசிக் காடி. தந்தியை ஏற்றி, அதன் அடியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைக்கிறார். இடிக்கவில்லை, தொளதொளக்கவும் இல்லை. "சரியா இருக்கு." கார்டைத் திருப்பிப் போட்டு நுழைக்கிறார். சரியாகத்தான் இருக்கிறது. தந்தியைத் தளர்த்தி ஒதுக்குகிறார்.

"அக்கா, சரியா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன்... எதுக்கும்..."

அரம் காடியைத் தொட்டு நிற்கிறது. சட்டென்று அதை எடுத்து அவள் மடியில் போடுகிறார்.

"புடி. நான் கெஞ்சினாலும் குடுக்காத."

அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடுகிறாள். பூட்டக்கா தந்தியை முறுக்கிச் சுதி சேர்த்துக் கொடுத்ததும், விரல் வைக்காமல் வெறும் தந்தியில் வில்லை இழுக்கிறாள். கரகரப்பே இல்லை. சிரித்துவிடுகிறாள்.

பூட்டக்கா சிரிக்கவில்லை. அவருடைய வலது கை, இல்லாத அரத்தைப் பிடித்தபடி மேசை விளிம்பில் ஒரு முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்கிறார்.