அசையாத பாதி நெற்றி

முகநரம்பைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில், உள்ளங்கையைக் காதோரம் வைத்து விரல்களைக் கன்னத்தின்மேல் விரிக்கச் சொல்வேன். காதுக்குக் கீழே வெளிவரும் அந்த ஒற்றை நரம்பு நெற்றிக்கு, கண்ணுக்கு, கன்னத்துக்கு, கீழுதட்டுக்கு, கழுத்துக்கு என்று ஏறக்குறைய அப்படித்தான் பிரிந்து போகிறது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அத்தையின் ஞாபகம் வந்துவிடும்.

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். எனக்கு ஏழு வயது. முந்திரிக்கொட்டை பொறுக்கும் சித்திரை மாதத்தில் ஒரு காலை, வாய் கொப்பளித்த அத்தைக்குத் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. வாய் கோணியிருந்தது, ஒரு கண் மூடவில்லை. அரியலூரில் வேலை பார்த்த ஒருவருக்கு அவளைப் பரிசம் போட்டிருந்தார்கள். அவரை அத்தைக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பது எனக்கே தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காத்து அடித்துவிட்டது என்றார்கள். பெரியப்பா பார்க்க வந்தார். அவருக்குத் தெரியாத நோய் கிடையாது. மருந்துதான் ஒன்றுக்கும் தெரியாது. அத்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, "நெத்தியச் சுருக்கு புள்ள" என்றார். பாதி நெற்றியில் கோடுகள் விழுந்தன. மறுபாதி அசையவே இல்லை.

"நெத்தி வரைக்கும் ஏறிடுச்சு. இனி கைகாலுக்கு எறங்கிடும்" என்றார்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். அந்த ஆளுக்கு வாய் கோணியதே தவிர நெற்றி நன்றாகச் சுருங்கியது. அவனே படுத்துவிட்டான் என்றால் இவள் கதி என்ன? எல்லோருக்கும் அந்த நியாயம் சரியாகவே பட்டது. உண்மை நேர்மாறானது. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வருவதால், மூளையின் ஒரு பக்கம் பாதித்தாலும் நெற்றி தப்பிவிடும். நெற்றியும் சேர்ந்து அசையாமல் போனால் கோளாறு பெரும்பாலும் அந்த நரம்பில்தான். அநேகமாகத் தானாகவே சரியாகும். பெரியப்பா அடையாளத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதைத் தலைகீழாகப் படித்தார்.

பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போகலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தடுத்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அரியலூர்க்காரர்கள் பரிசத்தை முறித்துக்கொண்டார்கள். கைகால் விழுவதற்குள் அத்தையைக் கரையேற்றிவிட வேண்டும் என்று பெரியப்பா பறந்தார். ஆண்டிமடம் பக்கம், மனைவியை இழந்த ஒருவர் கிடைத்தார். அப்பாவைவிட மூத்தவர்.

"அண்ணி, ஆடி வரைக்கும் பொறுங்களேன். சரியாயிடும்னு தோணுது" என்று அத்தை அம்மாவிடம் கெஞ்சினாள்.

"ஆடிக்குள்ள கை வெளங்காமப் போயிட்டா எவன் கட்டுவான்?" என்றார் பெரியப்பா.

வைகாசியில் தாலி ஏறியது. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதைச் சொல்லித்தான் வீட்டில் எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

ஆடிக்கு அத்தையைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பக்கமும் சிரித்தது. நான் தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு முன்னால் ஓடினேன்.

"அத்தைக்குச் சரியாயிடுச்சு! மூஞ்சி நேராயிடுச்சு!"

யாரும் சந்தோஷப்படவில்லை. பெரியப்பா அத்தையின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். "வாய மூடுடி" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நல்ல சேதி சொன்னதற்கு அடியா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அத்தைதான் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "கண்ணு மூடுது பாத்தியா?" என்று இரண்டு கண்களையும் இறுக்க மூடிக் காட்டினாள். மூடிய இமைகளுக்கடியிலிருந்து தண்ணீர் வழிந்து என் கையில் விழுந்தது. நோய் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதனால்தான் கண்ணில் நீர் வடிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அதுவும் கொஞ்ச நாள்ல சரியாயிடும் அத்தை" என்றேன்.